தங்கச்சியைக் கூட்டிவரப் போனேன்

தலைப்பிரசவத்துக்குத் தங்கச்சியை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து அறைக்குக் கூட்டிவர நான்தான் போனேன். அம்மாவுக்குக் கால் வீக்கம், பஸ் ஆகாது. றக்வானையில் ஏறி, கொழும்பில் மாறி, கற்பிட்டி போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அதற்கப்புறம் ரோடே இல்லை. அவள் வாக்கப்பட்ட ஊருக்குப் படகில் போக வேண்டும், இல்லையென்றால் மணல்திட்டில் நடக்க வேண்டும். படகில் உட்கார்ந்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்படி ஒரு மூலையில் எவள் பிள்ளை பெறுவாள்? மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்திருந்தாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள். கறுத்துப் போயிருந்தாள், ஆனால் முகத்தில் என்ன களை! அங்கேயே எனக்குப் பொறாமை ஆரம்பித்துவிட்டது.

வீடு இரண்டு அறை, தகரக் கூரை. பெரிதாக ஒன்றுமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் பக்கத்தில் புதிதாக எழும்பும் சுவரைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஓர் அறையாம். மாப்பிள்ளை கல் அடுக்க, அவருடைய அம்மா சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"இதுக்கு யாருகிட்டங்க கேட்டீங்க?"

அந்த அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஆரிட்ட கேக்கிறது, பிள்ளை? எங்கட காணிதானே."

மாப்பிள்ளை சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. குளிக்க மறைவு வேண்டுமென்று லயத்தின் பின்பக்கம் நாங்கள் தகரம் நட்டதும், தோட்டத்துத் தொரையிடம் கேட்கவில்லை என்று வாட்ச்சர் வந்து பிடுங்கி எறிந்ததும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள்.

பொய் சொல்லுவானேன், வயிறு எரிந்தது. ஒழுங்காக அடுப்பு பற்றவைக்கத் தெரியாதவள், கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன இடத்தில் ஒருவரைப் பார்த்து, மண்ணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நான் பிள்ளை மடுவத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் பிறந்த அதே அறையில் புருஷன், பிள்ளைகள், அம்மா எல்லாரோடும் கிடக்கிறேன்.

சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. நல்ல ருசி. அதுவும் எரிச்சலாக இருந்தது. அவசரத்துக்குப் படகு இல்லையென்றால் என்னடி செய்வாய் என்று பயம் காட்டினேன். மாதம் நெருங்கும்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருப்பார்களாம். நீங்க மட்டும் மூத்தவனைப் பெறக் கொழுந்து லொறியில்தானே போனீங்க என்று திருப்பிக் கேட்டாள். முறை என்று ஒன்று இருக்கிறதே, அம்மா அழுவாங்களே என்றேன்.

கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ள சொந்த வீட்டுக்கு வரட்டும்க்கா. நீங்க அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க. நீங்களும் இருங்கக்கா."

எனக்கு வேறு வேலை இல்லையா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, கொண்டுபோயிருந்த கண்ணாடி வளையல்களை அவள் கையில் போட்டுவிட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன். அவள் கரை வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். படகு கிளம்பும்போது, இன்னொரு தடவை "இருங்கக்கா" என்று சொல்லமாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.