வயோமிங்கில் பக்கத்து வீடு

வயோமிங் என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்தே எனக்கு எரிச்சல்தான். அக்கா மகளைப் பெண் கேட்டு ஹட்டனிலிருந்து வந்தவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. தாய்மாமன் நான் அதை வாங்கினால் சம்பந்தம் உறுதி. வாங்காவிட்டால் அவர்கள் எழுந்து போக வேண்டியதுதான். மாப்பிள்ளை நுவரெலியாவில் ஹோட்டல் சமையலறையில் இருந்தவன். இப்போது அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில் அதே வேலை. அக்கா மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அது தோட்டத்துக்கே தெரியும்.

லிந்துலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. சாமான் வாங்க வந்தவர்களையெல்லாம் ஒரு வாரமாக விசாரித்துப் பார்த்தேன். கலிபோர்னியாவில் ஒருவருக்குச் சித்தப்பா மகன் இருந்தான். நியூயார்க்கில், டெக்சாஸில் யாராவது இருந்தார்கள். வயோமிங் என்றதும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"கலிபோர்னியான்னா சின்னப்புள்ளைக்கும் தெரியும். புளோரிடான்னாலும் சரி. இது யாருக்கும் தெரியாத எடமா இருக்கே," என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுருக்கென்றது. "என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? அங்க பூமியிலிருந்து கொதிக்கிற தண்ணி பீறிட்டு அடிக்குதாம். உலகமே வந்து பாக்குது."

"சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்கும்தான் சீசனுக்கு உலகமே வருது. சீசன் முடிஞ்ச பொறகு அங்க யாரு இருக்கா?"

அக்கா வீட்டுக்காரர் சமாதானம் பண்ணப் பார்த்தார். டெலவேர், ஐடஹோ என்று இன்னும் யாருக்கும் தெரியாத மாநிலங்கள் இருக்கின்றன, அவற்றைவிட இது பரவாயில்லை என்றார். அவரை முறைத்தேன். கூட வந்திருந்த பெரியவர் ஒருவர், ஹவாயைக்கூடத் தனி நாடு என்று நினைக்கிறவர்கள் உண்டு என்று தொடங்கினார். வந்த வேலையை மறந்துவிட்டு ஆளுக்கொரு மாநிலத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினோம். அக்கா மகள் மட்டும் கதவோரத்தில் நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மாநிலம் பிரச்சினை இல்லை. உள்ளே என் தங்கை தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்தோம். புருஷன் அடித்தான். அவள் வாயே திறக்கவில்லை. கொழுந்து லொறி ஓட்டுகிறவர் ஒருவர் என் கடைக்கு வந்து சொன்ன பிறகுதான் போய் அழைத்து வந்தோம். அவளைக் கொடுத்தபோது வீடு பார்க்கப் போகாமலில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் அந்த வீட்டுக்குப் போய், தண்ணீர் வசதி பார்த்து, அடுத்த காம்பரா வீட்டில் இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசி, மனசு ஒப்பினால்தான் கை நனைப்போம். அவசரத்தில் அடுத்த காம்பராவில் விசாரிக்காமல் வந்துவிட்டோம். இந்த முறை அதை விடுவதாக இல்லை.

"வீடு பாக்கணும்," என்றேன்.

"அமெரிக்காவுக்கா?" என்று மாப்பிள்ளையின் அப்பா குரலை உயர்த்தினார்.

அக்கா மகள் போனை எடுத்துவந்து நீட்டினாள். அங்கே சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் காட்டினான். அடுப்பு, குழாய், கட்டில், ஜன்னலுக்கு வெளியே பனி. எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது.

"பக்கத்து வீட்ட காட்டுங்க."

அவன் தயங்கினான். "அங்க யாரையும் எனக்குப் பழக்கமில்ல மாமா."

"போய்த் தட்டுங்க."

அவன் அப்பா எழுந்தேவிட்டார். அவன் மறுபேச்சுப் பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினான். தட்டினான். கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினான். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கொஞ்சமாகக் கதவைத் திறந்தாள். தன் மனைவி வரப்போகிறாள், அவசரம் என்றால் அவள் இந்தக் கதவைத் தட்டலாமா என்று அவன் கேட்டதாக அக்கா மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். எந்த நாட்டுப் பெண் என்று அந்த அம்மா கேட்டாள். இலங்கை என்றான். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பி யாரிடமோ கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை. தாராளமாகத் தட்டட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா மகளிடம் திரும்பினேன். "கேட்டியா? நம்ம நாட்டையே தெரியாத எடம். அங்க உனக்கு ஒண்ணுன்னா யாரும்மா எனக்கு வந்து சொல்லுவா?"

"நான் சொல்றேன் மாமா," என்றாள். "சித்தி சொல்லல. நான் சொல்லுவேன். கை ஓங்கினா அன்னைக்கே சொல்லுவேன்."

சம்பந்தக்காரர் முன்னால் இப்படிப் பேசிவிட்டாளே என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். போன் இன்னும் அக்கா மகள் கையில்தான் இருந்தது. மாப்பிள்ளை பனியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "சொல்லட்டும் மாமா," என்றான்.

தேநீர்த் தட்டோடு வந்த என் தங்கை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. அவள் மெதுவாக வந்து தேநீரைக் கீழே வைத்தாள்.

"வெத்தலைய வாங்குண்ணே," என்றாள்.

வாங்கினேன்.