ஆள் ஏறாமல் அளந்த பிரேக்

ரியர் செட் என்று யாராவது சொன்னாலே எனக்கு வாயில் கிரீஸ் சுவை வந்துவிடுகிறது.

சேலையூர் தாண்டி அகரம்தென் போகிற சாலையில் ஒரு தகர ஷெட். சனி, ஞாயிறுகளில் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் ஒரு கம்பெனியில் பம்பு பாகங்களுக்கு அளவு பார்க்கிற உத்தியோகம். ஷெட் வைத்திருந்த அண்ணனுக்குப் பழைய வண்டி என்றால் கை தானாக ஓடும். படம் போடுவது, அளவெடுப்பது மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவார். வருகிறவர்களிடமெல்லாம், நம்ம இன்ஜினியர் பாத்துப்பார் என்பார். நான் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். கொத்தனாரான என் அப்பாவும் பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு முழுக்க மகன் இன்ஜினியர் என்றுதான் சொல்லிவைத்திருந்தார். டிப்ளமோவுக்கும் இன்ஜினியருக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருநாளும் திருத்தியதில்லை.

அந்த வண்டி மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியிலிருந்து வந்தது. அறுபது வயதுக்கு மேலான இங்கிலாந்து வண்டி, ஒற்றை சிலிண்டர். அந்தக் காலத்து வழக்கப்படி வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்ந்து நிற்கும். கால் கட்டைகள் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கும். வண்டிக்காரர் ஐடி கம்பெனியில் பெரிய பதவி. அவருக்கு அந்த நிமிர்ந்த உட்காரல் பிடிக்கவில்லை. பந்தய வண்டிக்காரர்களைப் போல முன்னால் குனிந்து, காலைப் பின்னால் மடக்கி ஓட்ட வேண்டுமாம். அதற்காகக் கால் கட்டைகளைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளி வைக்கிற அலுமினிய செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். அதுதான் ரியர் செட்.

அண்ணன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, இந்தியன் டாய்லெட்ல குந்திகினு வண்டி ஓட்டணுமாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வண்டிக்கார சார் வந்தபோது அண்ணனே, சூப்பரா இருக்கும் சார், வேற லெவல் சார் என்று சொன்னதைக் கேட்டு அந்தச் சிரிப்பு செத்துப்போனது. கூடவே நானும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றேன்.

செட் பொருந்தவில்லை. பெட்டியில் எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று அச்சடித்திருந்தது. ஆனால் பழைய கால் கட்டை நிற்பதற்காகச் வண்டிச் சட்டத்திலேயே வார்த்திருந்த, காது மாதிரி நீட்டிய ஒரு இரும்பு குறுக்கே முட்டியது. நடுவில் ஒரு தகடு கொடுத்து செட்டை வெளியே தள்ளிவிடலாம், இரண்டு நாள் வேலை என்று சொன்னேன். அண்ணன் சாருக்குப் போன் போட்டார். கட் பண்ணிடுங்க, யார் குனிஞ்சு பாக்கப்போறாங்க என்று பதில் வந்தது. கிரைண்டர் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. எங்கோ ஒரு ஃபவுண்டரியில் யாரோ கவனமாக வார்த்த இரும்பு, தண்ணீர் லாரி ஒழுகி வாசலில் தேங்கியிருந்த சேற்றில் பொறியாகக் கொட்டியது. கருகிய பெயின்ட் நாற்றம் மத்தியானம் வரை என் மூக்கில் நின்றது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். காது போன இடத்தில் அரம் போட்டுத் தேய்த்து, கருப்பு பெயின்ட் பூசி, அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோலச் செய்ததும் நான்தான்.

அடுத்து பிரேக். மிதிக்கிற பெடல் முன்னால் இருந்தவரை, அதிலிருந்து பின்சக்கரம் வரை நீளமான ஒரு இரும்புக் கம்பி போகும். மிதித்தால் கம்பி இழுக்கும், பிரேக் பிடிக்கும். இப்போது பெடல் பின்னால், உயரத்தில். கம்பி பாதிக்கு மேல் குறைய வேண்டும். நான் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினேன். ஸ்கேல், வெர்னியர் எல்லாம் வைத்து அளந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு, மூன்று இடத்தில் அளவு எழுதினேன். புதுக் கம்பி வெட்டி, முனையில் மரை போட்டு மாட்டினேன். பெடல் ஒரு விரல் தடிமன் கீழே இறங்கியதும் பிரேக் கப்பென்று பிடித்தது. கம்பெனியில் ஒரு பாகம் அளவுக் கேஜில் சரியாக உட்காரும்போது வருகிற அதே திருப்தி.

சார் வந்து பார்த்தார். இது நம்ம இன்ஜினியர் கையால செஞ்சது என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை அடுத்த நொடியே ஈரத் தாளால் விரல் விரலாகத் துடைத்தார். கம்பியைப் பார்க்கவே இல்லை. அலுமினியத் தகட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்கிறேன், ஞாயிறு காலை மனைவியோடு மகாபலிபுரம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் உட்காருகிறவருக்கும் அதே தகட்டின் கடைசி ஓட்டையில் சின்னக் கால் கட்டை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு ஆசை வந்தது. வண்டி போவதற்குள் அதன்மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். ஸ்டாண்டை எடுத்தேன். ஏறிக் குனிந்து உட்கார்ந்தேன். அண்ணனும் குஷியாகப் பின்னால் ஏறிக்கொண்டு, கையை நீட்டி செல்ஃபி எடுத்தார். ஓட்டுகிற தோரணை வரட்டும் என்று பெடலை மிதித்தேன்.

பெடல் அடிவரைக்கும் போனது. பிரேக் பிடிக்கவில்லை.

அண்ணனை இறங்கச் சொன்னேன். மிதித்தேன். பாதி பிடித்தது. நானும் இறங்கி, ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் அழுத்தினேன். கப்பென்று பிடித்தது. மறுபடி அவரை ஏற்றிப் பார்த்தேன். போச்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், சக்கரம் மேலே வரும். பழைய பெடல் இருந்த இடத்தில் அதனால் கம்பிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. புதுப் பெடல் உயரத்தில் இருப்பதால், சக்கரம் மேலே வர வரக் கம்பி தொளதொளக்கும். ஒருவர் ஏறினால் பாதி பிரேக். இரண்டு பேர் ஏறினால் ஒன்றுமே இல்லை. வெர்னியர் வைத்து அளந்த நான், ஆள் ஏறுகிற வண்டியை ஆள் ஏறாமல் அளந்திருக்கிறேன்.

கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வளைந்து போகிற கேபிள் போட வேண்டும், ஒரு வாரம் ஆகும், சாரிடம் சொல்லிவிடலாம் என்றேன். அண்ணன் ஸ்பேனர் எடுத்து கம்பி முனை நட்டை நாலு சுற்று முறுக்கினார். இப்போது ஆள் ஏறினால் பிரேக் பிடித்தது. ஆள் இறங்கினால் சக்கரமே சுற்றவில்லை. மேட்டில் வண்டி தூக்கிப் போட்டால் நடு ரோட்டில் சக்கரம் இறுகும் அண்ணா என்றேன். இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, முன் பிரேக் வச்சி சார் ஓட்டிக்குவாரு என்றார். அந்தக் காலத்து முன் பிரேக் சைக்கிள் பிரேக்கைவிட மோசம் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"படம் போட்டது நீ. அளவெடுத்தது நீ. இப்போ நீயே தப்புன்னு போய் நிப்பியா? அப்பறம் எவன்டா உன்ன இன்ஜினியர்னு கூப்டுவான்?"

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்தக் கேள்வி என்னைக் கால் மணி நேரம் உட்கார வைத்தது. இரண்டு பேர் உயிரை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, என்னை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு யார் மீதும் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

சார் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். நான் எழுந்து போய்ச் சொன்னேன். பிரேக் சரியில்லை, தப்பு என்னுடையது, ஒரு வாரம் வேண்டும். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். அந்தச் செட்டுக்கு எல்லாரும் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட இப்படிச் சொல்லவில்லை என்றார் சார். பிறகு, "நீ பி.ஈ.யா?" என்று கேட்டார்.

"டிப்ளமோ சார்."

"அதானே பாத்தேன்," என்றார், நிம்மதியாக. மேற்கொண்டு என்னிடம் பேச ஒன்றுமில்லை என்பதுபோலச் சாவிக்கு அண்ணனிடம் கை நீட்டினார்.

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவிதான் கேட்டார். "நான் ஏறினா பிரேக் இருக்காதா தம்பி?"

"நீங்களே உக்காந்து பாருங்க மேடம். வண்டிய நான் பிடிச்சுக்கறேன்."

அவர் ஏறினார். சாரும் வேண்டாவெறுப்பாக முன்னால் ஏறினார். மிதிங்க என்றேன். மிதித்தார். பெடல் கடைசிவரை இறங்கித் தகட்டில் டக்கென்று இடித்தது. வண்டியை முன்னால் தள்ளினேன், தடையில்லாமல் உருண்டது. அந்த அம்மா இறங்கி, புடவை ஓரத்தில் ஒட்டிய கிரீஸைப் பார்த்துவிட்டு, காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சார் முகம் சிவந்தது. பழைய கட்டையையே மாட்டிக் கொடு என்றார். மாட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன். நீங்கதான வெட்டச் சொன்னீங்க என்று அண்ணன் முனகினார். சரி, நாளைக்கு மகாபலிபுரத்துக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறேன், அங்கே நண்பர்கள் காத்திருப்பார்கள் என்றார் சார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். கொடுத்தேவிட்டார்.

நான் குனிந்து, கம்பி முனையில் இருந்த பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, கம்பியை உருவினேன். அரை நிமிஷ வேலை. சார் திருட்டுப் பயலே என்று கத்தினார். அண்ணன் கத்தவில்லை. கம்பிய வெச்சிட்டுப் போ, இனிமே இந்தப் பக்கம் வராத என்று மெதுவாகச் சொன்னார். நான் வைக்கவில்லை. கார் பக்கமாகப் போனபோது கண்ணாடி இறங்கியிருந்தது. வேற கம்பி போட்டாலும் நீங்க பின்னால ஏறாதீங்க மேடம் என்றேன். அவர் தலையசைத்த மாதிரி இருந்தது. கேம்ப் ரோடு வரை நடந்து, கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். வீரமாக எல்லாம் தோன்றவில்லை. செல்ஃபி ஆசை வந்திராவிட்டால் நானே சிரித்துக்கொண்டு சாவி கொடுத்திருப்பேன் என்பதுதான் வழியெல்லாம் உறுத்தியது.

மறுநாளே அந்த வண்டி ஒரு லோடு வண்டியில் ஏறி வேறு ஷெட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அதைப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். முழங்கால் இரண்டும் விலாவில் முட்ட, சார் குனிந்து வந்துகொண்டிருந்தார். பெடலிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கம்பி, அதே அரைகுறை நீளத்தில். சிவப்பு விழுந்தது. அவர் பெடலை மிதித்தார். உடனே இரண்டு காலையும் இறக்கி, ஷூ அடியைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே வந்து, ஒரு தண்ணீர் லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றார். லாரியில் ஒழுகிய தண்ணீர் அவர் ஷூவை நனைத்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. சீட்டில் தூசி கனமாகப் படிந்திருந்தது, வெகுநாளாக யாரும் உட்காராத மாதிரி.