கண்காட்சியில் நின்ற மருதன்

ஊருக்கு அனுப்புகிறேன் என்று பொய் சொல்லி ஒருவனுடைய முகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்வது முறையாகாது. ஆவி, பேய் என்று பேசுகிறவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவன். இங்கிலீஷ் பள்ளியில் படித்து, மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கோலாலம்பூரில் பெரிய கலைக் கண்காட்சி ஒன்று நடக்கவிருந்தது. அதற்காகச் சீமையிலிருந்து வந்த சிற்பி ஒருவர், பால் மரம் வெட்டும் தமிழனை ஆளுயரச் சிலையாக நிறுத்த விரும்பினார். உயிருள்ள ஆளின் முகத்திலும் கைகளிலும் வெள்ளைச் சாந்தைப் பூசி, இறுகியதும் கழற்றி, அந்த அச்சில் வார்ப்பது அவருடைய முறை. கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒருவரும் இணங்கவில்லை. முகத்தை எடுத்தால் ஆயுசும் போய்விடும் என்றார்கள். ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

எனக்கு மருதன் நினைவு வந்தது. ஊரில் அவன் மனைவி அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவன் இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போக அனுமதி கேட்டு என் ஆபீஸ் வாசலிலேயே நிற்பான்.

"மூஞ்சியக் குடுடா, அடுத்த கப்பல்ல உன்னை ஏத்தி விடுறேன்" என்றேன்.

"நெசமாவாங்கய்யா? அப்புறம் என் மூஞ்சி எனக்குத் திரும்பக் கெடைச்சிரும்ல?"

"உன் மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தொரை என்னடா பண்ணப் போறாரு, கண்ணாலம் கட்டிக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூக்கில் குழாய் செருகி முகம் முழுக்கச் சாந்தைப் பூசியபோதுதான் அவன் கால் நடுங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா நின்றேன்.

துரையிடம் நான் கேட்கவே இல்லை. நன்றாகப் பால் வெட்டுகிறவனை அனுப்பினால் ஏச்சு எனக்கு விழும். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டில் நின்று, "ஐயா, கப்பலு?" என்று மெதுவாகக் கேட்பான். "அடுத்ததுல" என்பேன். அப்படியே மாதங்கள் போயின. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான்.

கண்காட்சி திறந்தபோது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல என்னையே அனுப்பினார்கள். மருதன் பால் வெட்டிய மர நிரையிலிருந்து ஒன்றை அறுத்து, அடிக்கட்டையைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் மருதன், கையில் பால் வெட்டும் கத்தியோடு. மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு. துரைசானிகள், "மூச்சு விடுவதுபோல இருக்கிறதே" என்று வியந்தார்கள். நான் அந்த முகத்தைப் பார்க்காமலே விளக்கம் சொன்னேன்.

மறுநாள் காலை மங்கில் பால் இருந்தது. கெட்டியான, புதுப் பால். அறுத்துக் காய்ந்த கட்டையில் எப்படிப் பால் வரும்?

"என்னா கிராணியாரே, தோட்டத்துலேர்ந்து பால் கொண்டாந்து ஊத்தி வேடிக்கை காட்டுறீங்களா? தொரைக்குத் தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் காலி லா" என்றார் காவல்காரர் காதர் பாய். நாகூர்ப் பக்கத்து மனிதர், வாயாடி.

நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னை. ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடிக்க இருவரும் அங்கேயே படுத்துக்கொண்டோம். சன்னலில் வெளிச்சம் தட்டும் நேரம், தோட்டத்தில் பெரட்டு முடிந்து எல்லோரும் நிரைக்குப் போகும் நேரம், சரக்கென்று ஒரு சத்தம். பட்டையில் கத்தி இழுபடும் சத்தம்; அதைக் கேட்டே வாழ்ந்தவன், எனக்குத் தப்பாது. சிலை அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை. ஆனால் சுருள் சுருளாகப் பட்டைச் சீவல் தரையில் விழுந்து கிடந்தது. மரத்தில் புதிதாகக் கீறிய கோட்டில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாந்துக் கையைத் தொட்டேன், பிசுபிசுவென்று ஒட்டியது.

காதர் பாய் ஓதத் தொடங்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு இவன்? இவனுக்கு இன்னும் வேலை முடியலையா?" என்றார்.

அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஊருக்கு அனுப்புறேன்னுதானே சொன்னீங்க? அனுப்புங்க" என்றார் அவர்.

கண்காட்சி முடிந்ததும் சிற்பியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, முகத்தை மட்டும் கழற்றித் தந்தார். துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கப்பலேறினேன். நாகப்பட்டினத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து அஞ்சலையின் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவள் அழவில்லை. அந்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை எட்டி அதன் மூக்கைப் பிடித்தது.

"மொகம் வந்துருச்சு. கை எங்கங்கய்யா?" என்றாள்.

கைகளையும் அச்சு எடுத்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லக்கூடியவர் அந்த ஊரில் யாருமில்லை.

"தெனம் விடியக்குள்ள வாசல்ல வந்து நிக்கிறாரு. புள்ளையத் தூக்கணுமின்னு குனியிறாரு, கை இல்ல. அப்புறம் போயிடுறாரு."

அடுத்த கப்பலிலேயே திரும்பினேன். கண்காட்சிக் கூடம் காலியாகக் கிடந்தது. முகமில்லாத உடம்பைப் பெட்டியில் அடைத்து வேறு தேசத்துக் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. எழுதிக் கேட்டேன், ஆள் வைத்துத் தேடினேன், அந்தக் கைகள் கிடைக்கவேயில்லை. காதர் பாய் அந்தப் பீங்கான் மங்கை மட்டும் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இது இங்க இருக்க வேணாம், கிராணியாரே. உங்களோடதுதான்."

அது இப்போதும் என் அறையில் இருக்கிறது. கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத் தூக்கி, அடியில் பிசுபிசுக்கும் தரையைத் துடைக்கிறேன்.