அம்புஜவல்லிக்காக ஒரு இரண்டாவது பேட்டரி

ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணபிரான் அண்ணாச்சியைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தப் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு மாங்காய்கூட ஏற்றாதவர்கள் என்று அர்த்தம். ராஜபாளையத்துக்கு மேற்கே லாரி போகாத, டிராக்டர் யோசிக்கிற, ஆடுகூட ஓரமாக ஒதுங்கி நடக்கிற பாதையில் எல்லாம் அவருடைய ஜீப் போகும். நான் எட்வின். அந்த ஜீப்பில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அந்த வண்டி என் தாத்தா பிறப்பதற்கு முன்பே இரண்டாவது கியரில் ஓடிக்கொண்டிருந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அண்ணாச்சிக்குக் கோபம் வரும்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. சொந்த மனைவி அம்புஜவல்லி மதினி அந்த ஜீப்பில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆண்டாள் கோவிலுக்குத் துளசி கொடுக்கிற வீட்டுப் பெண். எங்கே போனாலும் டவுன் பஸ், அதிலும் முன் சீட். ஜீப் வாசலுக்கு வந்தாலே சேலைத் தலைப்பு மூக்குக்குப் போய்விடும். எப்படியாவது மதினியை அய்யனார் கோவில் அருவிவரைக்கும் தன் ஜீப்பில் கூட்டிப்போய்விட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஆசை. ஊரில் பாதிப் பேரைக் கூட்டிப்போனவர், வீட்டில் ஒருத்தியைக் கூட்டிப்போக முடியவில்லை.

"உள்ள ஒரே வெக்கைங்க. நான் இட்லி மாதிரி வெந்துல்ல போவேன்" என்பார் மதினி.

"ஃபேன் மாட்டித் தாரேன், ஏட்டி."

"மாட்டுங்க. பொறவு பாப்போம்."

அந்தப் 'பொறவு பாப்போம்' போதும் அவருக்கு. கலெக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஓடினார். பின் சீட்டுக்கு மேலே ஃபேன் வந்தது. தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபேனைச் சுற்றவிட்டுச் சோதனை பார்த்தார். காற்று பிரமாதம். ஆனால் ஜீப்பின் பேட்டரி செத்துப்போய்விட்டது. மாங்காய் பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தள்ளினோம். நாங்கள் தள்ளிய தள்ளில் மலையே கொஞ்சம் கேரளா பக்கம் நகர்ந்திருக்கும், வண்டி நகரவில்லை.

அதனால்தான் இரண்டாவது பேட்டரி. வீட்டில் கிடந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிவந்தார். யானைக்குட்டி கனம். முன்னால் பானட்டுக்குள் இடமில்லை, அதனால் பின் சீட்டுக்கு அடியில் வைத்து, ஓடும்போது சார்ஜ் ஏறட்டும் என்று என்ஜினிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிட்டார். கல்பாதையில் அது 'கடகட' என்று துள்ளியது. உடனே சத்திரப்பட்டியிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கழிவுப் பஞ்சு வந்தது.

எங்கள் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற பக்கம். கழிவுப் பஞ்சு கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கும். கதவு ஆடினால் பஞ்சு, கட்டில் ஆடினால் பஞ்சு, பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கப் பஞ்சு. பல்லு ஆடினால்கூட ஒருத்தன் திணித்துப் பார்த்திருப்பான். அண்ணாச்சி அந்தப் பேட்டரியைச் சுற்றி மெத்தை கட்டிப் பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பேரு எப்ப வைக்கிதிய?" என்றேன்.

"சும்மா கெடலே. உங்க மதினி குலுங்காம வரணும்."

குலுங்கக் கூடாது என்று பஞ்சு. தூசி படக் கூடாது என்று நாலு பக்கமும் ரெக்ஸின் திரை. ஈ உள்ளே வந்தால் வெளியே போக விலாசம் கேட்க வேண்டும். எல்லாமே மதினிக்காகச் செய்ததுதான். அந்த நாட்களிலேயே அண்ணாச்சியின் வேட்டியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழ ஆரம்பித்தது. பேட்டரி ஆசிட் என்று யோசிக்கவே இல்லை, எலி என்று முடிவுகட்டி வண்டிக்குள் தேங்காய்ச் சில்லு வைத்துப் பொறி வைத்தார். எலி வரவில்லை. தேங்காயை நான் தின்றேன்.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்ட ஒரு காலையில், மதினி புதுச் சுங்குடிச் சேலை கட்டி, எவர்சில்வர் தூக்குவாளியில் புளியோதரையோடு வாசலில் நின்றார். அண்ணாச்சிக்குச் சாவி துவாரம் கிடைக்கவே செத்த நேரம் ஆனது. மதினி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார், நான் எதிரே. தூக்குவாளியைச் சீட்டுக்கு அடியில், "பஞ்சு மேல வையி, சிந்தாது" என்று அண்ணாச்சியே இடம் காட்டினார்.

ராஜபாளையம் தாண்டியதும் மதினியின் மூக்கு வேலையைத் தொடங்கியது.

"ஏலே எட்வினு, காலைல என்னலே தின்ன?"

"இட்லி, மதினி."

"பொய் சொல்லாத. முட்டை நாத்தம் அடிக்கி. அதுவும் அழுகின முட்டை."

"வேதப்புத்தகத்து மேல சத்தியமா இட்லிதான் மதினி. சட்னிகூட சரியா ஊத்தல."

"முட்டையுமில்ல, ஒண்ணுமில்ல, ஏட்டி" என்றார் முன்னாலிருந்து அண்ணாச்சி. "ரோட்டோர சாக்கடை."

"சாக்கடை நம்ம கூடவேவா வரும்? அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கியளா?"

வரவர நாற்றம் கூடியது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மதினி சீட்டைத் தட்டினார்.

"வண்டிய நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்ச தூரந்தான், கோவிலே வந்துரும்."

"நிறுத்துதியளா, நான் குதிக்கட்டுமா?"

நிறுத்தினார். மதினி இறங்கினார், என்னையும் இறக்கினார், என் பையை உதறிப் பார்த்தார். முட்டை இல்லை. அதோடு விடவில்லை, நாலு பக்கத்து ரெக்ஸினையும் ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டி, "நாத்தம் போவட்டும்" என்று மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். மலைக்காற்று ஜீப்பின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வீட்டுக்குத் திரும்புவோம்னு மட்டும் சொல்லிராத, அம்புஜம்" என்று கெஞ்சினார். மதினி தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு மலையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டியை நிழலில் விடலாம் என்று அண்ணாச்சி மட்டும் ஏறிக் கிளப்பினார். பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பஞ்சு மேலிருந்த தூக்குவாளி சரிந்து, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே படுத்தது.

படீர்!

வெல்டிங் பட்டறையில் வருகிற மாதிரி நீலவெளிச்சம். அடுத்த நொடி பஞ்சு பற்றிக்கொண்டது. மதினி போட்ட கூச்சல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தில் எதிரொலித்திருக்கும். அண்ணாச்சி வெளியே குதித்து, வேலிக் கம்பு ஒன்றைப் பிடுங்கி வாளியைத் தட்டிவிட்டார். நான் ரோட்டோர மணலைக் கைகையாக அள்ளி வீசினேன். நெருப்பு அணைந்தது. தூக்குவாளியில் விரல் நுழைகிற ஓட்டை. புளியோதரையில் பாதி மணல்.

மதினிக்கு உதடு வெளுத்திருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கணவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நான் டவுன் பஸ்லயே போய்க்கிடுதேன்" என்றார்.

அண்ணாச்சி கையிலிருந்த வேலிக் கம்பைக் கீழே போட்டார். நான் கிண்டலை வாயிலேயே போட்டு மென்றுவிட்டேன்.

அந்த வழியாக வந்த டிராக்டர் ஜீப்பை இழுக்க, நாங்கள் மூவரும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் சங்கிலிப்பாண்டியின் பேட்டரி கடைக்கு வந்து சேர்ந்தோம். பஸ் ஸ்டாப் எதிரே இருந்தது. மதினி அங்கே போகவில்லை. தான் சொன்னது சரி என்று யாராவது ஒப்புக்கொள்ளாமல் எப்படிப் போவார்? ரெக்ஸினைச் சுருட்டியது முதல் எல்லாவற்றையும் சங்கிலிப்பாண்டியிடம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, முட்டை நாத்தம் வந்துச்சா இல்லையான்னு நீயே மோந்து பாத்துச் சொல்லு."

சங்கிலிப்பாண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "வந்திருக்கும்க்கா. இது கெட்டுப்போன பேட்டரி. சார்ஜ் மேல சார்ஜா ஏத்தியிருக்கிய, கொதிச்சிருக்கு. அப்ப அழுகின முட்டை நாத்தந்தான் வரும். அதவிட மோசம், நாத்தமே இல்லாம இன்னொரு கேஸும் வரும். தீப்பொறி பட்டா வெடிக்கும். இதுல சுத்தி ரெக்ஸின் வேற! நீங்க மட்டும் அத சுருட்டி விடாம இருந்திருந்தா, மூணு பேரும் ஜீப்பு இல்லாமலே மலைக்குப் பறந்திருப்பிய."

அண்ணாச்சி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பஞ்சாவது நல்லதுதானே தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

"அடுப்புக்கு நல்லது, அண்ணாச்சி. பேட்டரிய பெல்ட் போட்டுல்ல கட்டணும்? முனைக்கு ரப்பர் மூடி இல்ல, ஒயருக்கு ஃபியூஸ் இல்ல. நீங்க சட்டியில வெடிமருந்த வச்சு, அது மேல அக்காவ உக்கார வச்சிருக்கிய."

மதினி கணவர் பக்கம் திரும்பினார்.

"எனக்காவா இம்புட்டும் செஞ்சிய?"

"ஆமா."

"ஒரு பனையோல விசிறி வாங்கித் தந்தா பத்தாதா?"

அவர் முதலில் விழித்தார். பிறகு சிரித்தார். மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? "அப்ப என் இட்லிக்கு என்ன நியாயம், மதினி?" என்றேன்.

"போலே, நாளைக்கு வீட்டுக்கு வா. சட்னி நல்லா ஊத்துதேன்."

சங்கிலிப்பாண்டி பழைய பேட்டரியைக் கழற்றி இறக்கினான். சீல் வைத்த சின்ன பேட்டரி ஒன்றை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு, பேட்டரியைப் பெல்ட்டால் இறுக்கினான். முனைகளுக்கு ரப்பர் மூடி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். சார்ஜ் அளவோடு ஏற ஒரு கருவி. கேஸ் எதுவும் வந்தாலும் வண்டிக்கு வெளியே போக, பெட்டியிலிருந்து தரை வழியாக ஒரு டியூப். ரெக்ஸின் திரையை அண்ணாச்சியே அவிழ்த்து மாங்காய் மூட்டைக்குப் போர்த்திவிட்டார்.

மதினியிடம் மறுபடி வா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் மதினியே வந்தார். ஏறுவதற்கு முன் சீட்டுக்கு அடியில் குனிந்து, பெட்டியை ஆட்டிப் பார்த்து, டியூப் அடைத்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். ஆர்.டி.ஓ.கூட ஒரு வண்டியை அப்படிச் சோதித்திருக்க மாட்டார்.

"ம், ஓட்டுங்க."

அண்ணாச்சி ஓட்டிய வேகத்தில் சைக்கிள் எங்களைத் தாண்டியது, அப்புறம் ஒரு எருமையும் தாண்டியது. ஃபேன் காற்று, பக்கவாட்டில் மலைக்காற்று. அய்யனார் கோவில் வந்தபோது மதினி தூங்கிப்போயிருந்தார்.

"மதினி, அருவி..." என்று வாயெடுத்தேன்.

"ஏலே, எழுப்பின, தொலைச்சுப்புடுவேன்" என்றார் அண்ணாச்சி, காதோடு காதாக.

என்ஜினை அணைத்தார். ஃபேன் இரண்டாவது பேட்டரியில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அருவியில் குளித்து, சாமி கும்பிட்ட கூட்டம் வாங்கித் தந்த சுண்டலைத் தின்று, தலையும் காய்ந்து திரும்பி வந்தேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மதினி இலேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.