நின்னுடுச்சு

வீட்டில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவர் அண்ணன். நில அளவை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, தரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவிகளைக் கட்டி மேய்ப்பது. பூமியின் இரண்டு பெரும் பாறைத் தட்டுகள் உரசிக்கொள்ளும் கோடு அந்த ஊரின் நடுவே ஓடியது. வேறு இடமே கிடைக்காத மாதிரி அது அண்ணன் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில் புகுந்து போனது.

ஆக, சமையலறை வடக்கே போய்க்கொண்டிருந்தது, கூடம் தெற்கே. வருஷத்துக்கு ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனாலும் சுவர் விரிசல் விடும், வாசல் கதவு இடிக்கும். அண்ணன் விரிசலைப் பூசுவார், கதவை இழைப்பார். "எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் நடுவுல பூமியே வந்து நிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வேறு வீடு பார்க்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் சலித்துப்போய், "சரி, நின்னா சொல்றேன்" என்று விட்டுவிட்டாள்.

இப்போது நின்றுவிட்டது. தூரத்துக் கருவிகள் வழக்கம்போல நகர்ந்துகொண்டிருக்க, வீட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த இரண்டு மட்டும், சில மாதங்களாக, ஒன்றையொன்று விட்டு அசையவில்லை. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. மழையில் நனைந்தபடி திருகாணிகளைச் சோதித்தாள், ஆன்டெனா ஆடுகிறதா என்று பார்த்தாள். கோளாறே இல்லை. முட்டி வலிக்க வலிக்க அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். எத்தனை வருஷமாக இந்தச் சேறும் ஏற்றமும்! யாராவது 'போதும், உட்கார்' என்றால் அங்கேயே தூங்கிவிடுவாள்.

அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வா மில்லிமீட்டர்! பூசின இடத்துல ஒரு கீறல் இருக்கா பாரு. நின்னா சொல்றேன்னியே, நானே சொல்றேன். நின்னுடுச்சு!"

அதை நம்பித்தான் பிள்ளை பெற்ற மகளை அழைத்துவந்து, அந்தச் சுவரோரமே கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். குழந்தை அதில் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நின்னா நல்லதுன்னு நான் சொல்லல."

"பின்ன?"

"கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்தா பாரம் அப்பப்போ இறங்கிடும். இப்போ சிக்கிக்கிச்சு. பின்னாடி தள்ளுறது மட்டும் நிக்கல. மொத்தமும் சேர்ந்து ஒரே நாள்ல வரலாம்."

"எப்போ?"

"தெரியாது. வராமலும் போகலாம்."

அண்ணனின் முகம் சுருங்கியது. "தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் அளந்தே?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள்.

"ஆமாண்ணா. இந்தச் சுவர் விழுந்த பிறகு, எவ்வளவு நகர்ந்துச்சுன்னு துல்லியமா சொல்லுவேன். அப்படி ஒரு கணக்கு எனக்கு வேணாம்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். சலிப்பில் வாயைவிட்ட ஒரு சொல், குழந்தையைக் கொண்டுவந்து இங்கே படுக்க வைத்திருக்கிறது.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அத்தை, உங்க வீட்ல எத்தனை பேர் படுக்கலாம்?"

"நெருக்கிப் படுத்தா எல்லாரும்."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் மட்டும் முணுமுணுத்தபடியே கடைசியாக வெளியே வந்தார். பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் கதவைப் பலமாக இழுத்தார். அது இடிக்கவே இல்லை. நோகாமல் வந்து சாத்திக்கொண்டது.

கைப்பிடியை விடாமல் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது.