பெட்டிக்குப் போட்ட பாலிஷ்

போன வாரம் வத்தலக்குண்டு டீக்கடையில் நின்றிருந்தேன். கொடைக்கானல் போகிற இளைஞர் ஒருவர், பைக்கின் இருபுறமும் மாட்டியிருந்த அலுமினியப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோல அத்தனை பக்குவம். பாலிஷ் வாசனை டீயையும் மீறி வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“தம்பி, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டீங்களா?”

“அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துக்குவாங்க சார்.”

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

திண்டுக்கல்லில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகச் சேர்ந்த புதிது. என் பைக்கிலும் இரண்டு பெட்டிகள்; கறுப்புத் தகரம். உள்ளே சாம்பிள் மருந்தும் காலண்டரும் இருக்கும். ஆயக்குடி போய் வந்தால் கொய்யாவும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு வாரத்துக்கு என் இருமல் மருந்தெல்லாம் கொய்யா மணக்கும். பேகம்பூர் டாக்டர் ஒருவர் மருந்து அட்டையை முகர்ந்துவிட்டு, “பழம் எங்கப்பா?” என்று கேட்டிருக்கிறார்.

தினமும் காலையில் பெட்டிகளுக்குக் குளியல் உண்டு. முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் ஊர்ப்புழுதியெல்லாம் அதில் குடியேறிவிட்டது. பிறகு கார் பாலிஷ். என் மனைவி ஸ்டெல்லா, பள்ளிக்கூட டீச்சர், வாசலில் நின்று பார்ப்பாள்.

“எம் மூஞ்சிய இம்புட்டு நேரம் பாத்திருக்கீகளா?”

பெட்டி வந்தபின் அவள் பைக்கில் ஏறவே இல்லை. சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்க இடமில்லை. “நாலு போல்ட்டுதான், அஞ்சு நிமிசத்துல கழட்டிருவேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கழற்றியதில்லை. கர்ப்பமானபோதும் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனாள்.

டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்பே, மழை கொட்டிய ஒரு காலையில் அவளுக்கு வலி வந்துவிட்டது. தெருமுனையில் ஒரு ஆட்டோகூட இல்லை. ஸ்பேனரோடு பைக்கிடம் பாய்ந்தேன். முதல் போல்ட் அசையவில்லை. இரண்டாவது, துருவோடு துருவாகி இறுகிக் கிடந்தது. பெட்டியின் வெளிப்பக்கத்தில் முகம் பார்க்கலாம். உள்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் கண்டதில்லை. ஸ்பேனர் நழுவி விரல் கிழிந்தது. அழுகை வந்தது, விரலுக்காக அல்ல.

ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்: “நல்லா பளபளன்னுதான் இருக்கு. பிள்ளைய அதுக்குள்ள வச்சுத் தூக்கிட்டுப் போவோமா?”

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ரஹீம் பாய் வந்தார். வாழைத்தார் ஏற்றுகிற மினிவேன் வைத்திருந்தவர்.

“பொட்டி கெடக்கட்டும் தம்பி. மொதல்ல தங்கச்சிய வண்டியில ஏத்துங்க.”

பாயின் மனைவியும் ஓடிவந்து, ஸ்டெல்லாவைத் தாங்கிப் பிடித்தபடி முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால், வாழைத்தார்களோடு நனைந்துகொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கையைப் பார்த்து, “இது எதுக்குங்க?” என்றபோதுதான் ஸ்பேனரையும் கொண்டுவந்தது தெரிந்தது. மதியத்துக்குள் மகள் பிறந்தாள்.

மறுவாரமே மெக்கானிக்கை வைத்து இடப்பக்கப் பெட்டியை அறுத்தெடுத்தேன். அதன்பின் ஞாயிறு பூசைக்கு ஸ்டெல்லா பைக்கில் வந்தாள். மடியில் பிள்ளை, வலது கை என் தோளில். பள்ளம் வரும்போது அந்தக் கை இறுகும். சில பள்ளங்களை நான் வேண்டுமென்றே தேடிப் போனதுண்டு.

பைக்கை விற்றுப் பல வருடம் ஆயிற்று. ஸ்டெல்லாவுக்கு முட்டிவலி, காரில்தான் போகிறோம். பள்ளம் வந்தால் இப்போது கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள்.