ரிப்போர்ட்டில் இல்லாத ரயில்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதோடு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது, பேனா வழுக்குகிறது. அந்த விரல்களை உடைத்தவர் கேட்காரர்.

ஈப்போவுக்கு வெளியே, எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து வாசலில் ரயில்வே கேட் இருந்தது. அதை ஏற்றி இறக்கியவர் அவர். இறக்கிய கேட்டுக்கு அடியில் மோட்டார் சைக்கிளோடு குனிந்து நுழைகிறவன் முதுகில் கொடிக்கம்பு விழும். ஆள் பார்க்கமாட்டார். கோயில் தலைவரின் சட்டை அப்படிக் கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னை ஒரு முறை அறைந்ததில் கடைவாய்ப் பல் ஆடிப்போனது. வேலைக்கு வந்த முதல் மாதமே ரயிலில் அடிபட்ட ஒரு மனிதரைத் துண்டு துண்டாகச் சாக்கில் பொறுக்கியவர் என்று சொல்வார்கள். எங்களுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவரை வெறுத்தோம்.

பிறகு இரட்டைத் தண்டவாளமும் கரண்டு ரயிலும் வந்தன. கேட்டை இடித்து, மேம்பாலம் கட்டி, இரண்டு பக்கமும் வேலி போட்டார்கள். பாலத்தில் லாரிகள் பறக்கும். என் ஆறு மாடுகளும் அதில் கால் வைக்கவில்லை. மேய்ச்சல் அந்தப் பக்கம். ஒரு நாள் பிளையரால் வேலியை வெட்டினேன். மறுநாளே கேட்காரர் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய கேட்டை ஏற்றி இறக்கச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி அவர் மடியில் இருந்தது.

பையன்கள் சிரித்தார்கள். "என்னாண்ணே, பென்ஷன் வாங்கியும் டூட்டியா லா?" இரும்பை ஓங்குவார், ஓடுவார்கள். முப்பது வருஷம் ரயில் சத்தத்தை வைத்தே மாடுகளைத் தண்டவாளம் தாண்ட வைத்தவன் நான் என்று அவரிடம் சொன்னேன். பழைய ரயில் அரை மைல் தூரத்திலேயே தரையை அதிர வைக்கும். அவர் என் காதைப் பிடித்து முறுக்கினார். "இந்தப் புது ரயில நம்பாதடா. இது பக்கத்துல வந்தப்புறந்தான் சத்தமே வரும்."

மழை பெய்த ஒரு பிற்பகல். ஐந்து மாடுகள் கடந்துவிட்டன. சினையாக இருந்த செவலை மட்டும் தண்டவாளத்தின் நடுவில் முரண்டு பிடித்து நின்றது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். எனக்கு மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. "கயித்த விடுடா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் விடவில்லை. இரும்பு என் விரல்கள் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, ரயில் சத்தம் கேட்கவில்லை. கயிறு நழுவியது, சட்டையைப் பிடித்து என்னைப் பின்னால் எறிந்தார். காற்று ஒன்று முகத்தில் அறைந்தது. கண் திறந்தபோது செவலையின் பாதி உடல் வேலியில் கிடந்தது. வயிற்றுக் கன்று சரளைக்கல் மேல் ஒரு முறை உதைத்து அடங்கியது.

எனக்கு அப்போது மனிதர் தெரியவில்லை, அந்த இரும்புதான் தெரிந்தது. இடது கையால் கல்லை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். மூன்று முறை. உதடு பிளந்து பல் தெரிந்தது. அவர் இரும்பை ஓங்கவில்லை. "போதும்டா. கையக் காட்டு" என்றார்.

கூட்டம் கூடியது. உடைந்த என் கையையும் அவரிடமிருந்த இரும்பையும் பார்த்துவிட்டு, அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். போலீஸ் நிலையத்தில் என்னிடம் ஒரே கேள்வி: இவர் அடித்தாரா? தலையாட்டினேன். அடித்தது உண்மைதானே. வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் வராது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். செவலை செத்த கோபம். அவரும் "ஆமா, அடிச்சேன்" என்றதோடு சரி. உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது ஊரில் அவருக்கு 'மாட்டுக்காரனை அடித்த பைத்தியம்' என்று பெயர். பாரிட் புந்தாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன வாரம் இறந்துவிட்டார். தைப்பிங்கில் பஸ் மாறிச் சாவு வீட்டுக்குப் போனேன். உதட்டில் நான் போட்ட தழும்பு அப்படியே இருந்தது. மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அப்பா ஏன்ணே உங்கள அடிச்சாரு? கேட்டா ஒண்ணுமே சொல்லமாட்டாரு."

கையைப் பைக்குள் மறைத்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தேன்.

வேலி ஓட்டையை இப்போது கம்பியால் கட்டிவிட்டேன். மேலே லாரிகள் போகின்றன. போலீஸ் ரிப்போர்ட்டில் இரும்பு இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, ரயில் இல்லை. தங்கச்சி, ரயில் வந்தது. நான் கயிற்றை விடவில்லை. உங்கப்பா அடித்ததால்தான் விட்டேன். மடங்காத இந்த விரல்களால் எழுதிய இதை நாளைக்கு உனக்குத் தபாலில் போடுகிறேன்; யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

சித்திரை பிறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை.